பிடிக்கலைன்னு திருப்பறது வேற, சொன்னது ஒண்ணு வந்தது ஒண்ணுன்னு திருப்பறது வேற

நம்ம ஊர் கடை பில்லுல அடியில பொடி எழுத்துல ஒரு வரி அச்சடிச்சிருக்கும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." பாத்திரக்கடை, செருப்புக்கடை, ஜவுளிக்கடைன்னு எங்க போனாலும் இருக்கும். அந்த வரியைப் படிச்சே வளர்ந்த ஆளுங்க நாம. அதனாலயோ என்னவோ, ஆன்லைன்ல விக்கிறவங்க "7 நாளில் திருப்பித் தரலாம்"னு போட்டதும் ஏதோ கர்ணனே நேர்ல வந்த மாதிரி புல்லரிச்சுப் போறோம். பொருள் சரியில்லைன்னு திருப்பும்போது கூட "கொஞ்சம் தயவு பண்ணி எடுத்துக்கோங்க"ங்கற தொனிதான் நமக்கு வருது.

எதுக்குங்க கெஞ்சணும்? என்னைக் கேட்டா, 'ரிட்டர்ன்'ங்கற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற சமாச்சாரத்தைப் போட்டு நம்மளைக் குழப்பி வெச்சிருக்காங்க. வாங்கினேன், வந்துச்சு, போட்டுப் பார்த்தேன், கலர் எனக்கு எடுக்கலை, வேண்டாம். இது ஒரு வகை. விக்கிறவர் மேல இதுல ஒரு தப்பும் இல்லை. அவர் திரும்ப வாங்கிக்கிட்டா அது அவரோட பெருந்தன்மை. ஐரோப்பாவுல ஆன்லைன்ல வாங்கினா 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பலாம்னு சட்டமே இருக்கு. நம்ம நாட்டுல அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால இந்த வகைக்கு மட்டும் அவங்க போடற 7 நாள், 10 நாள், டேக் கிழிக்கக்கூடாது, டப்பா கசங்கக்கூடாது எல்லாம் நியாயம்தான். ஒத்துக்கறேன்.

ரெண்டாவது வகை, படத்துல ஒண்ணு, எழுத்துல ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணை அனுப்பறது. இதுக்கும் பெருந்தன்மைக்கும் சம்பந்தமே கிடையாது. அவன் நம்மகிட்ட காசு வாங்கினது ஒரு பொருளுக்கு, குடுத்தது இன்னொரு பொருள். அவ்வளவுதான். அங்க பாலிசி என்ன சொல்லுதுன்னு தேடிப் படிக்கிறதே அசிங்கம்.

இது நானா கண்டுபிடிச்ச தத்துவம் இல்லை. 1930-லயே வெள்ளைக்காரன் காலத்துல போட்ட சரக்கு விற்பனைச் சட்டத்துல 15-வது பிரிவு இதைத்தான் சொல்லுது. விவரம் சொல்லி ஒரு பொருளை வித்தா, பொருள் அந்த விவரத்தோட ஒத்துப்போகணும், அதை யாரும் தனியா எழுதிக்கூட கேட்க வேண்டியதில்லை, வியாபாரத்துலயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கு. சாம்பிளும் காட்டி விவரமும் சொல்லியிருந்தா ரெண்டோடவும் ஒத்துப்போகணும். 1930-ல ஏது ஆன்லைன்? ஆனா யோசிச்சுப் பாருங்க, ஆன்லைன் மாதிரி இந்தப் பிரிவுக்கு அளவெடுத்துத் தைச்ச வியாபாரம் வேற இல்லை. ஜவுளிக்கடையில பாய் விரிச்சு உட்கார்ந்து நாற்பது புடவையைப் பிரிச்சுப் போடச்சொல்லி, தொட்டு, கசக்கி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, கடைசியில "அடுத்த வாரம் வரோம்"னு எந்திரிச்சு வந்துடலாம். ஆன்லைன்ல நாம பார்க்கறது ரெண்டு படம், பத்து வரி எழுத்து. அதை நம்பித்தான் காசு போகுது. நாம வாங்கறதே அந்த வார்த்தையைத்தான். அப்போ அந்த வார்த்தை பொய்யா இருந்தா மிச்சம் என்ன இருக்கு?

2019-ல புது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 2020 ஜூலைல அது நடைமுறைக்கு வந்த கையோட மின்வணிக விதிகளும் வந்துச்சு. அதுல 6-வது விதி விக்கிறவருக்கு. பொருள் பழுதா இருந்தாலோ, போலியா இருந்தாலோ, விளம்பரத்துல சொன்ன தன்மையும் அம்சமும் இல்லாம இருந்தாலோ, திரும்ப வாங்க மாட்டேன், காசு தர மாட்டேன்னு சொல்லக்கூடாது. சொன்ன தேதிக்கு மேல லேட்டா வந்தாக் கூட இதே கதைதான் (வெள்ளம், புயல் மாதிரி கை மீறின காரணம் இருந்தா தவிர). 5-வது விதி தளத்துக்கு. எழுத்து, படம் எல்லாம் நிஜப் பொருளோட ஒத்துப்போகும்னு விக்கிறவர்கிட்ட அவங்க முன்கூட்டியே உறுதிமொழி வாங்கி வெச்சிருக்கணும்.

கவனிச்சீங்களா, அந்த 6-வது விதியில "ரீப்ளேஸ்மெண்ட் மட்டும்தான்"ங்கற சமாச்சாரம் இல்லை. "இந்த வகைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது"ங்கறதும் இல்லை. அதெல்லாம் தளத்துக்காரங்க முதல் வகைக்குப் போட்ட வேலியை இழுத்துட்டு வந்து ரெண்டாவது வகையிலயும் நட்டு வெச்சிருக்கறது.

நிற்க. சட்டம் பேசினது போதும், நடந்த கதை ஒண்ணைச் சொல்றேன்.

எங்க சித்தி, தஞ்சாவூர்ல இருக்காங்க. பொண்ணு வளைகாப்புக்கு ஒரு பட்டுப்புடவை பார்த்து ஆர்டர் போட்டாங்க. தலைப்புல கொட்டை எழுத்துல 'பியூர் காஞ்சிபுரம் பட்டு'. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், பார்டர் பூரா மாங்கா புட்டா. விலை 6,499 ரூபாய். அந்த விலைக்கு அசல் காஞ்சிபுரம், அசல் ஜரிகையோட வராதுன்னு எனக்குத் தோணுச்சு. ஆனா தலைப்புல 'பியூர்'னு போட்டிருக்கறவன் அதுக்குப் பொறுப்பு ஏத்துக்கணுமா, இல்ல அதை நம்பின சித்தி பொறுப்பு ஏத்துக்கணுமா? "இந்த விலைக்கு வேற என்ன வரும்"னு சொல்ற அறிவாளிகளை எனக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்காது. திருடினவனை விட்டுட்டுப் பறிகொடுத்தவனைத் திட்டற பழக்கம் அது.

வந்தது மஞ்சள் புடவைதான். பார்டர்ல மாங்கா இல்லை, ஏதோ கோடு கோடா அச்சு. தொட்டா வழுவழுன்னு லைனிங் துணி மாதிரி இருக்கு. சித்தி அந்தக் காலத்து மனுஷி. முந்தானை குஞ்சத்துலேர்ந்து ஒரு நூலை உருவி வத்திக்குச்சியில காட்டினாங்க. பட்டு நூல்னா மெதுவா எரியும், முடி பொசுங்கற நாத்தம் வரும், சாம்பலை விரல்ல நசுக்கினா பொடியாயிடும். ரேயான்னா பேப்பர் மாதிரி சட்டுன்னு பத்திக்கும், வாசமும் பேப்பர் வாசம்தான். பாலியஸ்டர்னா உருகிச் சுருண்டு கடைசியில கறுப்பா ஒரு கெட்டி முத்து நிக்கும். சித்தி கையில நின்னது முத்து :-)

(இடையில ஒரு விஷயம். 'ஆர்ட் சில்க்'னு பார்த்தா கலைநயமான பட்டுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. அந்த 'ஆர்ட்' வேற ஒண்ணுமில்லை, ஆர்ட்டிஃபிஷியலோட சுருக்கம். செயற்கை நூல். வெறும் 'சில்க்'னு தலைப்புல போட்டு, கீழ விவரத்துல எங்கயோ ஒரு மூலையில 'ஆர்ட் சில்க்'னு போடறது இந்த வியாபாரத்துல ரொம்ப சகஜம். அசல் பட்டுக்கு மத்திய பட்டு வாரியம் 2004-லேர்ந்து நடத்தற சில்க் மார்க் சீட்டு இருக்கு. அதைக் கேட்டு வாங்கறது நல்லது.)

சரி, ஆப்-ல ரிட்டர்ன் போட்டாச்சு. மறுநாள் ஒரு தம்பி வந்தாரு. போன்ல படத்தைப் பார்க்கறாரு, புடவையைப் பார்க்கறாரு, திரும்பப் படத்தைப் பார்க்கறாரு.

"அம்மா, இதுல மாங்கா பார்டர் காட்டுது. உங்க புடவையில பார்டரே வேறயா இருக்கே. எடுக்க முடியாதும்மா."

"ஏன் தம்பி, படத்துல இருக்கற மாதிரியே இருந்திருந்தா நான் ஏன்ப்பா திருப்பித் தரப்போறேன்?"

"எனக்கும் புரியுதும்மா. ஆனா ஆப்-ல 'ஒத்துப்போகுது', 'ஒத்துப்போகலை'ன்னு ரெண்டு பட்டன்தான் இருக்கு. ஒத்துப்போகுதுன்னு அமுக்கி எடுத்துட்டுப் போனா, நாளைக்கு நீங்க மாத்திக் குடுத்ததை நான் வாங்கிட்டு வந்துட்டேன்னு என் தலையில கட்டிருவாங்க."

சித்தி அந்தத் தம்பிக்கு மோர் குடுத்து அனுப்பி வெச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு வேற ஒரு தம்பி, அதே வசனம். மூணாவது தடவை யாருமே வரலை, "உங்கள் வேண்டுகோளின்படி பிக்கப் ரத்து செய்யப்பட்டது"ன்னு மட்டும் குறுஞ்செய்தி வந்துச்சு. யாரோட வேண்டுகோளோ அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். நாலாவது நாள் கோரிக்கையே மூடப்பட்டது. காரணம்: பொருள் ஒத்துப்போகவில்லை.

இதைவிடக் கொடுமையான நகைச்சுவை வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா? தப்பான பொருளை அனுப்பினது அவங்க. தப்பான பொருளா இருக்கறதாலயே அதைத் திரும்ப எடுக்க முடியாதாம். சரியான பொருள் வந்திருந்தா ரொம்ப சந்தோஷமா திரும்ப எடுத்துப்பாங்க! அந்தத் தம்பிங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. வெயில்ல பார்சலுக்கு இவ்வளவுன்னு ஓடிட்டிருக்கற பசங்க. அவங்க கையில குடுத்த ஆப்-ல உண்மையைச் சொல்ல ஒரு பட்டன் வைக்கலையே, அந்த ஆப்பை எழுதினவங்ககிட்டதான் என் கேள்வி எல்லாம்.

அப்புறம்தான் நான் சித்தி போனை வாங்கிப் பார்த்தேன். ரிட்டர்னுக்குக் காரணம்னு வரிசையா ஒரு பட்டியல் வருமே, அதுல முதல்ல இருந்த 'பிடிக்கவில்லை'யை அமுக்கியிருக்காங்க. ஏன் சித்தின்னா, "அவனைப் பொய்க்காரன்னு சொல்றது ஒரு மாதிரி இருந்துச்சுடா, அதோட இதுதான் சீக்கிரம் முடியும்னு உன் தங்கச்சி சொன்னா"ங்கறாங்க. நம்ம ஜனங்களோட நாகரிகம்! ஆனா அந்த ஒரு அமுக்குல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. சட்டப்படி சித்திக்கு இருந்த உரிமை போய், கம்பெனியோட பெருந்தன்மைக்குக் கை நீட்டற இடத்துக்கு வந்துட்டாங்க. நான் மேல சொன்ன முதல் வகைக் கூடைக்குள்ள அவங்களே ஏறி உட்கார்ந்த மாதிரி. தளத்தோட பதிவேட்டுல இப்ப இருக்கறது 'வாடிக்கையாளர் மனசு மாறிட்டார்'. ஏமாத்தினாங்கங்கற தடயமே இல்லை. விக்கிறவரோட கணக்குலயும் அது பொய் விளம்பரமா ஏறாது. அவர் பாட்டுக்கு அடுத்த சித்திக்கு அனுப்பிட்டே இருப்பார்.

அதனாலதான் சொல்றேன், அந்தக் காரணப் பட்டியல் ஏதோ சர்வேக்குக் கேக்கற கேள்வி இல்லை. 'விவரத்தோடு பொருந்தவில்லை', 'தவறான பொருள் வந்தது' மாதிரி இருக்கறதைத் தேடி அமுக்கணும். நாலு போட்டோ கேப்பான், கூட ரெண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

சரி, மேல எங்க போறது? சாட்-ல போனா ஒரு பொம்மை பேசும். நாம தமிழ்ல அழுதாலும் இங்கிலீஷ்ல "உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம்"ங்கும். கழுதை, புரிஞ்சா காசைக் குடு! மனுஷங்க வந்தா "விக்கிறவர் வேற, நாங்க வெறும் சந்தை"ம்பாங்க. இது பாதி உண்மை. வெளிநாட்டு முதலீடு இருக்கற தளங்கள் சொந்தமா சரக்கு வெச்சு நேரா நமக்கு விக்க நம்ம அரசு விதிகள் அனுமதிக்கறதில்லை. அதனால பில்லைப் பார்த்தீங்கன்னா தளத்தோட பேர் இருக்காது, சூரத்லயோ டெல்லியிலயோ இருக்கற ஏதோ ஒரு கம்பெனி பேர்தான் விக்கிறவர்னு இருக்கும். ஆனா காசை வாங்கினது யாரு, பார்சலைக் கொண்டுவந்தது யாரு, ரிட்டர்னை மூடினது யாரு? லாபத்துல சந்தை இல்லை, பழியில மட்டும் சந்தையா? அந்த 2020 விதிகளே சந்தையா இருக்கற தளத்துக்கும் கடமை வெச்சிருக்கு. குறைதீர் அதிகாரின்னு ஒருத்தரை நியமிச்சு, அவர் பேரையும் தொடர்பு விவரத்தையும் தளத்துல போடணும். புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள வந்ததுன்னு ஒப்புதல் குடுக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். நாம கேட்டா விக்கிறவரோட முகவரியையும் குடுக்கணும்.

அந்த அதிகாரியோட மின்னஞ்சல் முகவரியைப் பக்கத்தோட அடியில, எறும்பு படிக்கிற சைஸ்ல போட்டிருந்தாங்க. அங்க எழுதினோம். ரொம்ப ஒண்ணும் எழுதலை. ஆர்டர் எண், தலைப்புல என்ன சொன்னீங்க, என்ன வந்துச்சு, 6-வது விதிப்படி பணம் திரும்ப வேணும், மூணு தடவை எடுக்க வந்து மறுத்த தேதிகள். கூட ஒரு வரி: "புடவை எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, இதை நாங்கள் ஏற்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்."

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அதே 1930 சட்டத்துல 43-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. பொருளை மறுக்கற உரிமை நமக்கு இருந்து, நாம மறுத்துட்டா, அதைத் தூக்கிட்டுப் போய் அவங்ககிட்ட சேர்க்கற கடமை நமக்கு இல்லை, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும். ஏத்துக்கலைன்னு தெரியப்படுத்தினாலே போதும். ஆக, பிக்கப்புக்கு ஆள் வந்து எடுக்காம போனது சித்தியோட பிரச்சினையே இல்லை. ஒரு வாரமா சித்தி பார்சலை மடியில வெச்சுக்கிட்டு வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. வெளிய கிளம்பினா பையன் வந்துட்டுப் போயிடுவானோன்னு வளைகாப்பு சாமான் வாங்கக் கூடப் போகலை. அதுக்கு யார் நஷ்ட ஈடு குடுக்கறது?

இதுக்காகப் புடவையை வெச்சுக்கிட்டு ஆறு மாசம் சும்மா இருந்துட்டு அப்புறம் கேக்க முடியாது, அதையும் சொல்லணும். நியாயமான காலத்துக்குள்ள மறுக்கலைன்னா ஏத்துக்கிட்டதா ஆயிடும். புது சட்டமும் பழுதான பொருளைத் திரும்ப வாங்கறதுக்கு, பில்லுல கெடு போட்டிருந்தா அதுக்குள்ள, கெடுவே போடலைன்னா 30 நாளுக்குள்ளங்கற கணக்கை வெச்சிருக்கு. அதுக்கும் மறுத்தா நியாயமில்லாத வணிகம். (அந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" பழுதான பொருளுக்குச் செல்லாதுன்னு இப்பத் தெரியுதா?) சொல்லவேண்டியதை அன்னிக்கே எழுத்துல சொல்லிடணும். போன்ல பேசினது காத்தோட போயிடும்.

இன்னொரு வேடிக்கை. நாங்க புகார் எழுதின மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தா 'பியூர் காஞ்சிபுரம் பட்டு' இப்ப 'காஞ்சிபுரம் ஸ்டைல் சில்க் பிளெண்ட்' ஆயிடுச்சு! படம் அதே படம். நல்லவேளை, சித்தி பொண்ணு ஆர்டர் போட்ட அன்னிக்கு "அம்மா புடவை எப்படி இருக்கு"ன்னு குடும்ப வாட்ஸப் குழுவுல பக்கத்தை அப்படியே படம் எடுத்துப் போட்டிருந்தா. தலைப்பு, விலை, தேதி எல்லாம் பளிச்னு அதுல இருந்துச்சு. அக்காங்களும் அத்தைங்களும் கீழ போட்ட இருபது கட்டைவிரல் உட்பட.

அதுக்கும் மேல ஒரு சாட்சி பில்லுலயே உட்கார்ந்திருந்துச்சு. ஜி.எஸ்.டி பில்லுல ஹெச்.எஸ்.என்னு ஒரு எண் இருக்கும் பாருங்க, யாரும் படிக்கறதில்லை. சரக்கு எந்த வகைன்னு வரித்துறைக்குச் சொல்ற எண் அது. துணிமணியில முதல் ரெண்டு இலக்கம் போதும். பட்டுன்னா 50, பருத்தின்னா 52, செயற்கை இழைன்னா 54 இல்லாட்டி 55. பட்டுத் துணிக்கு 5007-னு வரணும். சித்தி பில்லுல 5407! அதாவது நமக்கு 'பியூர் பட்டு'ன்னு சொன்ன அதே ஆள், வரித்துறைக்கு "ஐயா இது செயற்கை நூல்"னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். எல்லா பில்லுலயும் இந்த எண் இருக்காது, சில பேர் கண்ணை மூடிட்டு ஏதாவது போட்டும் வெச்சிருப்பாங்க. ஆனா இருந்தா இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அடுத்த மின்னஞ்சல்ல ஒரே வரியில இதைக் கேட்டோம்: நீங்க வரித்துறைகிட்ட பொய் சொன்னீங்களா, எங்ககிட்டயா?

கூடவே 1915-க்கும் போன் போட்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம். அவங்க கோர்ட் இல்லை, கம்பெனிக்குப் புகாரை அனுப்பி பதில் கேப்பாங்க, அவ்வளவுதான். ஆனா அங்கிருந்து போனா கம்பெனிக்குள்ள வேற மேசைக்குப் போகும்போல. 23-வது நாள் 6,499 ரூபாயும் வந்துச்சு. வளைகாப்பு அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. சித்தி பழைய புடவை ஒண்ணைக் கட்டிக்கிட்டாங்க. புடவையை எடுக்க இன்னும் யாரும் வரலை.

வராம இருந்திருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்போம். குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, ரெண்டு வருஷ அவகாசம் இருக்கு. எல்லாத்துக்கும் மேல 2019 சட்டத்துக்கு அப்புறம் நாம குடியிருக்கற ஊர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம், விக்கிறவன் சூரத்ல இருந்தா சூரத்துக்கு ஓட வேண்டியதில்லை. 2025-லேர்ந்து இ-ஜாக்ரிதின்னு ஒரு தளத்துல வீட்டுலேர்ந்தே தாக்கல் பண்ணலாம். ஆனா 6,499 ரூபாய்க்கு எத்தனை பேர் இவ்வளவு தூரம் போவாங்க? 499 ரூபாய்க்கு? இந்த வியாபாரம் ஓடறதே அந்தக் கணக்குலதான். ஒவ்வொருத்தரும் விடற காசு சின்னது. விட்டவங்க எல்லாருடையதையும் சேர்த்தா அது ஒருத்தருக்குப் பெரிய காசு.

இந்த இடத்துல எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன், இல்லாட்டி யாராவது வந்து கேப்பீங்க. வாங்கறவங்க எல்லாரும் உத்தமரான்னு. இல்லைதான். கல்யாணத்துக்குக் கட்டிட்டு, சாம்பார் வாசத்தோட திருப்பி அனுப்பற மகராசிங்க இருக்காங்க. புது போனை எடுத்துட்டு டப்பாக்குள்ள சோப்புக்கட்டி வெச்சு அனுப்பற கில்லாடிங்க இருக்காங்க. சின்ன வியாபாரி ஒருத்தர், வீட்டுலயே தச்சு விக்கிறவர், இந்த மாதிரி ரெண்டு ரிட்டர்ன்ல மாச லாபத்தை இழந்துடுவார். அந்தப் பிக்கப் சோதனை வந்ததே இதனாலதான், புரியுது. ஆனா பத்துல ஒருத்தன் திருடன்னா மிச்சம் ஒன்பது பேரையும் திருடன் மாதிரி நிக்க வைக்கிறது எப்படி நியாயம்? இப்பப் பாருங்க, டப்பா பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களான்னு கேக்கறாங்க. சில பேர் வீடியோ இல்லாட்டி புகாரே எடுக்க மாட்டோம்கறாங்க. எந்தச் சட்டத்துலயும் அப்படி இல்லை. எழுபது வயசு தாத்தா ஒரு கையில கத்தரிக்கோலும் ஒரு கையில போனும் வெச்சுக்கிட்டு, ஆறு பக்கமும் சுத்திக் காட்டி, சீட்டைக் காட்டி, நிறுத்தாம ஒரே ஷாட்ல எடுக்கணுமாம். அவர் என்ன பாலு மகேந்திராவா? எடுத்து வைங்க, உதவும், நானும் எடுக்கறேன். ஆனா எடுக்கலைங்கறதுக்காக உரிமை போயிடாது.

இன்னொண்ணு, இந்த 7 நாள் கெடு. பார்டர் வேறன்னா பிரிச்ச நிமிஷமே தெரியும். தெரியாத பொய்யும் இருக்கே? 500 ரூபாய்க்கு 2 டெராபைட் பென்டிரைவ்னு விக்கிறாங்க. உள்ள இருக்கறது 16 ஜிபியோ 32 ஜிபியோதான். கன்ட்ரோலர் சிப்போட நிரலை மாத்தி, கம்ப்யூட்டர்கிட்ட 2 டிபின்னு பொய் சொல்ல வெச்சிருப்பாங்க. சொருகினா 2 டிபின்னே காட்டும். காப்பி பண்ணினா காப்பி ஆகும், பேர் எல்லாம் வரிசையா தெரியும். நிஜ இடம் நிரம்பினதும், அடுத்து போறது பழசு மேலயே எழுதும், இல்லாட்டி காத்துல போகும். ஆறு மாசம் கழிச்சு குழந்தையோட முதல் பிறந்தநாள் போட்டோவைத் திறந்தா ஒண்ணும் திறக்காது. முழுசா நிரப்பி, திரும்பப் படிச்சுச் சரிபார்க்கற இலவச மென்பொருள் இருக்கு, ஆனா எத்தனை பேர் பண்ணுவாங்க? பொருள் கைக்கு வந்த நாள்லேர்ந்து 7 நாள்ங்கறது இந்த மாதிரிப் பொய்க்குப் போட்ட பாதுகாப்பு வளையம். வாங்கறவருக்கில்லை, விக்கிறவருக்கு.

அதே மூச்சுல இதையும் சொல்லணும், ஏமாத்து மாதிரி தெரியற எல்லாமே ஏமாத்து இல்லை. 20,000 எம்.ஏ.ஹெச் பவர்பேங்க் வாங்கிட்டு, 5,000 எம்.ஏ.ஹெச் போனை நாலு தடவை ஏத்த முடியலைன்னு சண்டை போடறவங்க உண்டு. அந்த 20,000 உள்ள இருக்கற செல்லோட 3.7 வோல்ட்ல. வெளிய 5 வோல்ட்டா மாத்தும்போதே கணக்கு 14,800-க்கு வந்துடும், சூடாகி வீணாகறது போக இன்னும் குறையும். டப்பா மேலயே 'ரேட்டட் கெப்பாசிட்டி'ன்னு அந்தக் குறைஞ்ச எண்ணைப் போட்டிருப்பாங்க. அது இருந்தா திருப்ப வழியில்லை. ஆனா எனக்கு ஒரு சந்தேகம், பெரிய எண்ணைத் தலைப்புலயும் சின்ன எண்ணை டப்பாவுக்கு அடியிலயும் போடணும்னு யார் சொல்லிக் குடுக்கறாங்க இவங்களுக்கு?

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லை. அந்தத் தம்பிங்க ஆப்-ல மூணாவதா ஒரு பட்டன். 'வாடிக்கையாளர் தவறான பொருள் வந்ததாகச் சொல்கிறார்'. அதை அமுக்கினா நாலு போட்டோ எடுத்து, வாடிக்கையாளர் முன்னாடியே பையை சீல் வெச்சு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போகட்டும். யார் சொல்றது நிஜம்னு அப்புறம் உள்ள உட்கார்ந்து பாருங்க, பில்லு இருக்கு, எடை இருக்கு, படம் இருக்கு. அந்தத் தம்பி தலையிலயும் விழாது, சித்தி வாசல்லயும் காத்துக்கிடக்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல ஆர்டர் போட்டா காலையில கொண்டு வந்து குடுக்கற அளவுக்கு மூளை இருக்கறவங்களுக்கு ஒரு பட்டன் வைக்கத் தெரியாதா என்ன?

பி.கு: காசு வரலைங்கற கடுப்புல கூகுள்ல 'கஸ்டமர் கேர் நம்பர்'னு தேடி, முதல்ல வர்ற எண்ணுக்குப் போன் பண்ணாதீங்க மக்களே. அதுல பாதி திருட்டுக் கும்பல். "ரீஃபண்ட் போடறோம், இந்த ஆப்பை இறக்குங்க, ஓ.டி.பி சொல்லுங்க"ம்பாங்க, மிச்சம் இருக்கறதும் போயிடும். எண்ணைத் தளத்தோட ஆப்புக்குள்ள மட்டும் பாருங்க. அப்படியும் மாட்டிக்கிட்டா உடனே 1930-க்கு அடிங்க, சைபர் குற்ற உதவி எண். சரக்கு விற்பனைச் சட்டம் வந்த வருஷமும் அதே 1930, ஞாபகம் வெச்சுக்க சுலபம் :-)